பருப்பு வேகாத கிணறு

எங்கள் ஆயா வீட்டுக் கிணற்றில் உப்பு ஏறியதை முதலில் கண்டுபிடித்தது துவரம்பருப்பு. மீஞ்சூருக்குக் கிழக்கே, கடலிலிருந்து ஆறேழு கிலோமீட்டர் உள்ளே இருந்தது அந்த ஊர். நான் நான்காம் வகுப்போ ஐந்தாம் வகுப்போ படித்த காலம், 1980-களின் தொடக்கம். கோடை விடுமுறைக்குப் போயிருந்தபோது ஆயா அடுப்பை ஊதி ஊதி அலுத்துப்போய், "இந்தப் பருப்பு சரியில்லடி, கடைக்காரன் பழசக் குடுத்துட்டான்" என்றாள். அடுத்த வாரம் வேறு கடையில் வாங்கினாள். அதுவும் வேகவில்லை. பக்கத்து வீட்டுப் பெரியம்மா வந்து, "உங்க வீட்லயுமா? எங்க வீட்ல டீ திரிஞ்சு போவுது" என்றார். அன்று சாயங்காலம் தெருப் பெண்கள் நான்கைந்து பேர் கூடிப் பேசிய பிறகுதான் பழி கடைக்காரனை விட்டுக் கிணற்றுக்குப் போனது. தாத்தா ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்குது, உங்களுக்கு வேலையில்ல" என்று சொல்லிவிட்டுத் திண்ணைக்குப் போய்விட்டார். அவருக்கு உப்புத் தெரிய இன்னும் இரண்டு கோடை பிடித்தது.

பல ஆண்டுகள் கழித்து, ஆராய்ச்சி மாணவியாகச் சென்னையின் குடிநீர் வரலாற்றைப் படிக்கத் தொடங்கியபோது ஒரு நிலத்தடி நீர் ஆய்வில் மூன்று எண்களைப் பார்த்தேன். மீஞ்சூர்ப் பகுதியில் கடல்நீர் நிலத்தடியில் ஊடுருவியிருந்த தூரம் 1969-இல் கடற்கரையிலிருந்து 3 கிலோமீட்டர், 1983-இல் 7 கிலோமீட்டர், 1987-இல் 9 கிலோமீட்டர். அந்த நடு எண்ணைப் பார்த்ததும் ஆயாவின் அடுப்பு நினைவுக்கு வந்தது. நீரியலாளர்கள் குளோரைடு அளந்து சொன்னதை அந்தத் தெருப் பெண்கள் பருப்பு வேகும் நேரத்தை வைத்து ஏறக்குறைய அதே காலத்தில் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் அவர்களைக் கேட்டு யாரும் எதையும் எழுதிவைக்கவில்லை.

அந்தக் கிணற்றிலிருந்து தொடங்கி, ஒரு பெருநகரம் தன் தாகத்துக்கு எப்படிப் பணம் திரட்டியது, அந்தப் பணக் கணக்கில் எது விட்டுப்போனது என்று பார்ப்பதே இந்தக் கட்டுரை.

*

சென்னையின் குடிநீர் வரலாற்றை எழுதுகிறவர்கள் வழக்கமாக ஏழுகிணற்றில் தொடங்குவார்கள். 1772-இல் கோட்டைக்கு நீர் கொடுக்கக் கம்பெனி அமைத்த கிணறுகள் அவை. பிறகு 1866-இல் ஃபிரேசர் என்ற பொறியாளர் போட்ட திட்டம். கொசஸ்தலையாற்றைத் தாமரைப்பாக்கத்தில் அணைகட்டித் திருப்பி, சோழவரம் ஏரிக்கும் அங்கிருந்து புழல் ஏரிக்கும் கொண்டுவந்து, திறந்த கால்வாய் வழியாக நகரத்துக்கு விட்டார்கள். 1872-இல் அந்த நீர் ஊருக்குள் வந்தது. வடிகட்டிய நீர் 1914-இல், கீழ்ப்பாக்கம் நீரேற்று நிலையம் வந்த பிறகு. பூண்டி நீர்த்தேக்கம் 1944-இல். அதற்காகப் பாடுபட்ட மேயர் சத்தியமூர்த்தி அதைப் பார்க்க உயிரோடில்லை. இந்த வரிசையில் வருகிற பெயர்கள் எல்லாம் ஆண்களுடையவை என்று குறைப்பட்டுக்கொள்வது எளிது. எனக்கு அதைவிட முக்கியமாகப்படுவது வேறு. இந்தக் கட்டுமானங்கள் ஒவ்வொன்றும் நகரத்தை அதன் வடமேற்கிலும் வடக்கிலும் உள்ள கிராமங்களோடு பிணைத்தன. சோழவரமும் புழலும் அதற்கு முன்னால் பாசன ஏரிகள். ஏரிநீர் குடிநீராகும்போது கீழே இருந்த வயல்களுக்கு என்ன ஆயிற்று என்பது குடிநீர் வரலாற்றில் வராது. அது வேறு துறையின் கோப்பு.

1960-களில் நகரம் பெருத்து, ஏரிகள் போதவில்லை. அப்போதுதான் பார்வை நிலத்துக்கு அடியில் போனது. ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு 1966 முதல் 1969 வரை ஆரணியாறு, கொசஸ்தலையாற்றுப் படுகைகளில் ஆய்வு நடந்தது. அந்த ஆறுகள் பழைய காலத்தில் கொண்டுவந்து கொட்டிய மணலுக்குள் அருமையான நன்னீர் இருப்பது தெரிந்தது. மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் என்று மூன்று இடங்களில் ஆழ்துளைக் கிணறுகள் வரிசை வரிசையாக இறங்கின. அந்த நீரில் பெரும்பகுதி மணலியின் தொழிற்சாலைகளுக்குப் போனது. எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் உர ஆலையும் அந்த ஆண்டுகளில்தான் வந்திருந்தன. நாடு தொழில்வளர்ச்சி காண வேண்டும், பசுமைப் புரட்சிக்கு உரம் வேண்டும் என்ற காலம். நமக்கு மிக மலிவாகக் கிடைத்தது மீஞ்சூர்த் தண்ணீர்.

மலிவு என்று ஏன் சொல்கிறேன் என்றால், கிணறு தோண்டவும் பம்பு வாங்கவும் குழாய் போடவும் மின்சாரத்துக்கும் ஆன செலவு மட்டுமே கணக்கில் வந்தது. மண்ணுக்குள் இருந்த நீருக்கு விலை கிடையாது. கடலோர நிலத்தடியில் நன்னீர் எப்படி நிற்கிறது என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். உப்புநீர் கனமானது, நன்னீர் லேசானது. எனவே நன்னீர் உப்புநீரின் மேல் மிதந்து நிற்கும். மேலே நன்னீர் ஓர் அடி குறைந்தால் கீழே உப்புநீர் ஏறத்தாழ நாற்பது அடி உயர்ந்துவிடும் என்பது நீரியலில் பழைய பாடம். அதாவது கடலுக்கும் கிணற்றுக்கும் நடுவே நிற்கிற காவல் அந்த நன்னீரின் எடைதான். நகரம் இறைத்தது, ஆலைகள் இறைத்தன, விவசாயிகளும் மோட்டார் போட்டு இறைத்தார்கள். காவல் மெலிந்தது. கடல் உள்ளே வந்தது.

அந்த 3, 7, 9 கிலோமீட்டர்களுக்குள் அடங்கிய ஊர்களில் நடந்ததைச் சுருக்கிச் சொல்லிவிடலாம். முதலில் நெல் விளைச்சல் குறைந்தது. பிறகு கிணறுகள் கைவிடப்பட்டன. பிறகு தண்ணீர் எடுக்கப் பெண்கள் மேற்கே நடந்தார்கள். ஆயாவும் என் சித்தியும் முதலில் தெருக்கோடிக்கும், பிறகு அடுத்த தெருவுக்கும், கடைசியில் ரயில் பாதையைத் தாண்டி ஒரு தோட்டக் கிணற்றுக்கும் போனார்கள். கடல் மேற்கே நகர நகர அவர்கள் நடையும் மேற்கே நீண்டது. பித்தளைக் குடம் போய் பிளாஸ்டிக் குடம் வந்ததும் அந்த ஆண்டுகளில்தான். பிளாஸ்டிக்கைத் திட்டுகிற சூழலியலாளர்களிடம் நான் இதைச் சொல்வதுண்டு: ஒன்றரைக் கிலோமீட்டர் நடக்கிறவளுக்குக் குடத்தின் கனம் குறைவது பெரிய விஷயம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். கிராமப்புறக் குடிநீருக்கு அரசு நெடுங்காலம் வைத்திருந்த அளவு ஆளுக்கு நாளொன்றுக்கு 40 லிட்டர். ஐந்து பேர் இருக்கிற வீட்டுக்கு 200 லிட்டர். ஒரு குடம் 15 லிட்டர் என்றால் 13 குடத்துக்குக் கொஞ்சம் மேல். இடுப்பில் ஒன்று, தலையில் ஒன்று என்று இரண்டு குடமாகக் கொண்டுவந்தாலும் ஏழு நடை. ஒரு நடைக்குப் போக வர அரை மணி என்று வைத்தால் மூன்றரை மணி நேரம். இந்த மூன்றரை மணி நேரம், எத்தனையோ ஊர்களில், எத்தனையோ ஆண்டுகளாக, சென்னைக் குடிநீர்த் திட்டத்துக்குச் செலுத்தப்பட்ட மானியம். எந்த வரவுசெலவுத் திட்டத்திலும் அது இல்லை.

*

1987 விசித்திரமான ஆண்டு. கடல்நீர் 9 கிலோமீட்டரைத் தொட்டதாகப் பதிவானது அந்த ஆண்டில். சென்னை மாநகரப் பகுதி நிலத்தடி நீர் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது அந்த ஆண்டில். கிணறு தோண்டவும், நீரை லாரியில் ஏற்றிக் கொண்டுபோகவும் இனி அனுமதி வேண்டும் என்றது அது. சென்னைக் குடிநீர், கழிவுநீர்த் திட்டத்துக்கு உலக வங்கி கடன் ஒப்புதல் கொடுத்ததும் அதே 1987. மூன்றையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஒரு கதை தெரிகிறது. இருந்த வளம் கெட்டது. கெட்டதைக் காக்கச் சட்டம் வந்தது. மாற்று தேடக் கடன் வந்தது.

கடன் வந்த விதமும் கவனிக்கத் தக்கது. 1978-இல் சென்னைக் குடிநீர் வாரியம் தனிச் சட்டத்தின் கீழ் அமைக்கப்பட்டது. அதுவரை மாநகராட்சியின் வேலையாக இருந்தது, தனக்கென்று வரவும் செலவும் உள்ள நிறுவனத்தின் வேலையாயிற்று. இப்படித் தனி நிறுவனம் இருந்தால்தான் கடன் கொடுப்பவர்களுக்குத் திருப்பிக் கேட்க ஓர் ஆள் கிடைக்கும். வீட்டு ஆண்டு மதிப்பில் 7 சதவீதம் குடிநீர், கழிவுநீர் வரி. அதோடு மாதக் கட்டணம். கடன் திருப்பும் வலிமை இந்த வரியிலும் கட்டணத்திலும்தான். ஆகவே வரி கட்டுகிற தெருவுக்குக் குழாய் முதலில் போகும், வரி கட்ட முடியாத தெருவுக்கு அடிபம்பும் லாரியும் போகும். இதை யாரும் திட்டமிட்டுச் செய்ததாக நான் சொல்லவில்லை. பணம் திரும்ப வர வேண்டும் என்ற ஒரே விதி போதும், மற்றது தானாக நடக்கும்.

திட்ட அறிக்கைகளில் 'செலுத்தும் விருப்பம்' என்று ஒரு சொல் உண்டு. நல்ல தண்ணீர் வந்தால் மாதம் எவ்வளவு கொடுப்பீர்கள் என்று வீடு வீடாகக் கேட்டு, அதை வைத்துக் கட்டணம் எவ்வளவு தாங்கும் என்று கணிப்பார்கள். கேள்வி 'குடும்பத் தலைவரிடம்' கேட்கப்படும். என் தாத்தாவிடம் கேட்டிருந்தால் ஒரு ரூபாய்கூடச் சொல்லியிருக்க மாட்டார்; அவருக்குத் தண்ணீர் வீட்டுக்குள் இருந்துதான் வந்தது. ஆயாவிடம் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று யோசிக்கிறேன். அவள் கையில் பணம் இல்லை. விருப்பம் இருந்தவளிடம் பணம் இல்லை, பணம் இருந்தவருக்கு விருப்பம் இல்லை. இந்த இரண்டையும் பெருக்கினால் சந்தைக்குக் கிடைப்பது பூஜ்ஜியம். தண்ணீர் அருகில் வந்தால் மிச்சமாகும் நேரத்தையும் பொருளாதார அறிஞர்கள் கணக்கில் எடுப்பதுண்டு. ஆனால் அதைக் கூலியின் ஒரு பங்காக மதிப்பார்கள். பெண்ணின் கூலி ஆணின் கூலியைவிடக் குறைவு. அதிலும் ஒரு பங்கு. குறைந்த கூலியின் குறைந்த பங்காக அந்த நடை அறிக்கையில் இடம்பெறும்.

எங்கள் அம்மாவின் கதையும் இங்கே வருகிறது. அவள் கல்யாணமாகி வந்தது வடக்கே ஒரு புறநகருக்கு. தெருவுக்கு வீட்டு இணைப்பு வருகிறது, முன்பணம் கட்டுங்கள் என்று அறிவித்தார்கள். அப்பா, "பார்த்துக்கலாம்" என்றார். அம்மா தன் கம்மலை அடகுக் கடையில் வைத்துப் பணம் கட்டினாள். குழாய் வந்தது. முதல் ஆறு மாதம் அதில் காற்றுதான் வந்தது. பிறகு இரவு இரண்டு மணிக்கு ஒரு மணி நேரம் தண்ணீர் வந்தது, அதுவும் குழிக்குள் இறங்கி அடிபம்பு அடித்தால். அம்மா விழித்திருந்து பிடிப்பாள். கம்மலை மீட்க மூன்று வருடம் ஆயிற்று. நகரக் கட்டமைப்புக்கு மக்கள் பங்களிப்பு என்று படிக்கும்போதெல்லாம் எனக்கு அம்மாவின் வெறுங்காது நினைவுக்கு வரும்.

பங்களிப்பு எல்லா இடத்திலும் ஏமாற்றமாக முடிந்ததென்று சொன்னால் அது நேர்மையல்ல. ஆலந்தூர் நகராட்சி 1990-களின் இறுதியில் பாதாளச் சாக்கடைக்காக வீட்டுக்கு 5,000 ரூபாய் என்று மக்களிடமே திரட்டியது, வேலை நடந்தது. 2002-இல் தமிழ்நாட்டில் 13 சிறிய உள்ளாட்சிகள் சேர்ந்து, தனித்தனியாகப் போனால் யாரும் கடன் தரமாட்டார்கள் என்பதால், ஒரே நிதியமாகப் பத்திரம் வெளியிட்டு 30 கோடி ரூபாய் திரட்டின. பெண்கள் சீட்டு கட்டுவதைப் போன்ற ஏற்பாடுதான். சீட்டு கட்டுகிற பெண்களுக்கு அந்தத் தந்திரம் தலைமுறைகளாகத் தெரியும். நிதித்துறைக்கு அது புதுமையாகி விருதுக் கட்டுரைகளில் வந்தது.

தூரத்து நீரைக் கொண்டுவரும் முயற்சிகளை வேகமாகத் தாண்டுகிறேன். வீராணம் 1960-களின் இறுதியில் தொடங்கி, ஊழல் குற்றச்சாட்டிலும் விசாரணைக் கமிஷனிலும் போய் முடிந்து, சாலையோரம் ராட்சதக் குழாய்களை மட்டும் விட்டுச்சென்றது. 2004-இல்தான் புதிய வீராணம் வழியாக நாளொன்றுக்கு 18 கோடி லிட்டர் வரத் தொடங்கியது. அதனால் காவிரியின் கடைமடையில் பாசனக்காரர்களோடு உரசல் உண்டானது தனிக் கதை. தெலுங்கு கங்கைக்கு 1983-இல் தமிழ்நாடும் ஆந்திரமும் ஒப்பந்தம் போட்டன. 1996-இல்தான் முதல் நீர் எல்லை தாண்டியது. ஆண்டுக்கு 12 டிஎம்சி என்பது காகிதத்தில். அந்த அளவு வருவது அரிது. மண்கரை சரிந்து நீர் வீணான அந்தக் கால்வாயைச் செப்பனிடும் செலவை 2000-களில் சத்ய சாயி பாபாவின் அறக்கட்டளை ஏற்றது. கடன், வரி, பத்திரம் எல்லாம் பார்த்த நகரத்துக்கு அறமும் ஒரு நிதி வழியாயிற்று.

*

நான் நின்று பேச விரும்புவது 2000-க்குப் பிந்தைய சில ஆண்டுகளைப் பற்றி. மழை பொய்த்து ஏரிகள் காய்ந்தன. 2003-இல் வீடுதோறும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள். 2004-இல் புழல் ஏரித் தரை வெடித்துக் கிடந்தது. அப்போது வாரியம், வயல்களில் கிணறு வைத்திருந்த விவசாயிகளிடமிருந்து தண்ணீர் வாங்கத் தொடங்கியது. தாமரைப்பாக்கம், பூண்டிப் பக்கத்து ஊர்களில் கிணற்றுக்குக் குழாய் இணைத்து, இறைக்கும் மணிக்கு இவ்வளவு என்று பணம் கொடுத்தார்கள். நெல் போட்டால் என்ன வரும், தண்ணீரை விற்றால் என்ன வரும் என்று கணக்குப் பார்த்த நிலக்காரர்கள் நெல்லை விட்டார்கள். அவர்களைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை. உரம் விலை ஏறியிருந்தது, விலையில்லாத பயிரைவிட விலையுள்ள தண்ணீர் மேல்.

ஆனால் நிலம் யாருடைய பெயரில் இருந்ததோ அவருக்கே தண்ணீர்ப் பணமும் போனது. பட்டா பெரும்பாலும் ஆண் பெயரில். நிலமோ பெரும்பாலும் சில சாதிகளிடம். நாற்று நட்டவர்கள், களை எடுத்தவர்கள், கதிர் அறுத்தவர்கள் பெரும்பாலும் தலித் பெண்கள். வயல் தரிசானபோது அவர்களுடைய வேலைநாட்கள் தரிசாயின. நான் அந்தப் பக்கம் தகவல் திரட்டப் போயிருந்தபோது ஒரு காலனியில் சந்தித்த அக்கா சொன்னது: "அவங்க தண்ணிய வித்தாங்க, காசு வந்துச்சு. நான் நட்ட கைய யார்கிட்ட விக்கிறது?" அவருடைய வீட்டுக் கைப்பம்பிலும் நீர் இறங்கிவிட்டிருந்தது. பட்டணத்துக்குத் தண்ணீர் போன குழாய் அவர் தெரு முனையில்தான் ஓடியது. அதில் ஒரு திருகுக் குழாய் வைக்கச் சொல்லிப் பெண்கள் மறியல் செய்து, வைக்க வைத்தார்கள். தங்கள் ஊரிலிருந்து போகும் தண்ணீரில் ஒரு குழாய்க்குப் போராட வேண்டியிருந்தது.

2008-இல் நூறுநாள் வேலைத் திட்டம் எல்லா மாவட்டங்களுக்கும் வந்தது. அதே பெண்கள் மண்வெட்டியோடும் பாண்டோடும் ஏரிக்கும் வரத்துக் கால்வாய்க்கும் தூர் வாரப் போனார்கள். இதைச் சோம்பேறிகளின் திட்டம் என்று கேலி பேசுகிறவர்கள் இன்றும் உண்டு. நிலத்தடி நீர் மீண்டும் ஊற வேண்டுமானால் ஏரியில் நீர் நிற்க வேண்டும். ஏரியில் நீர் நிற்கத் தூர் வார வேண்டும். கோடிக்கணக்கில் கடன் வாங்கிச் செய்கிற 'நிலத்தடி நீர் செறிவூட்டலின்' ஒரு பகுதியை அவர்கள் அடிமட்டக் கூலிக்குச் செய்துகொண்டிருந்தார்கள்.

*

இனி காட்டுப்பள்ளி. மீஞ்சூருக்கு நேர் கிழக்கே, கொசஸ்தலையாற்றுக் கழிமுகத்துக்கும் பக்கிங்காம் கால்வாய்க்கும் கடலுக்கும் நடுவே கிடக்கிற நீள மணல் திட்டு. 2010 ஜூலை 31-இல் அங்கே நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் திறனுள்ள கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை திறக்கப்பட்டது. மீஞ்சூர் ஆலை என்றே அதற்குப் பெயர். எந்த ஊரின் நன்னீரை இறைத்து உப்பாக்கினார்களோ, அந்த ஊரின் பெயரிலேயே உப்புநீரை நன்னீராக்கும் ஆலை. இதில் யாரும் வேண்டுமென்று கேலி செய்யவில்லை என்றுதான் நம்புகிறேன்.

இதற்கான நிதி வழி புதியது. அரசு பணம் போடவில்லை. ஒரு தனியார் நிறுவனம் கட்டி, சொந்தமாக வைத்து, 25 ஆண்டுகள் நடத்தி, பிறகு ஒப்படைக்கும். வாரியம் அந்த நீரை விலைக்கு வாங்கும். தொடக்க விலை ஆயிரம் லிட்டருக்கு 48 ரூபாய் 66 காசு. ஒரு குடத்துக்கு 73 காசு. இத்தகைய ஒப்பந்தங்களில் பொதுவாக, மழை பெய்து ஏரி நிரம்பினாலும் குறிப்பிட்ட அளவுக்கான பணத்தைக் கொடுத்தாக வேண்டும். முதலீட்டாளருக்கு மழை ஓர் ஆபத்து, அதிலிருந்து அவருக்குப் பாதுகாப்பு வேண்டும். கிணற்றடியில் நின்றவளுக்கு வறட்சிதான் ஆபத்து. அவளுக்கு அப்படி யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

73 காசு அதிகமா? லாரித் தண்ணீரோடும் கேன் தண்ணீரோடும் ஒப்பிட்டால் மிக மலிவு. இருபது லிட்டர் கேனை 30 ரூபாய்க்கு வாங்கினால் ஆயிரம் லிட்டருக்கு 1,500 ரூபாய் ஆகிறது. வடசென்னையின் பல தெருக்களில் அந்த ஆலை வந்த பிறகு குழாயில் நீர் ஓடியதும் உண்மை. என் அம்மா இரண்டு மணிக்கு எழுவதை நிறுத்தியது அதற்குப் பிறகுதான். கடல்நீர் ஆலைகளை ஒட்டுமொத்தமாக எதிர்க்கும் தோழிகளோடு இந்த இடத்தில் எனக்கு மன வேறுபாடு உண்டு. அம்மாவின் தூக்கத்தை நான் கணக்கிலிருந்து எடுக்க மாட்டேன்.

ஆனால் கணக்கு முழுதாக இருக்க வேண்டும். சவ்வூடு பரவல் முறையில் ஒரு லிட்டர் நன்னீர் எடுக்க இரண்டு லிட்டருக்கும் மேல் கடல்நீர் உறிஞ்ச வேண்டும். மிஞ்சுவது கடலைவிட ஏறக்குறைய இருமடங்கு உப்பான கழிவுநீர். அது திரும்பக் கடலுக்குள் போகும். ஆயிரம் லிட்டருக்கு மூன்று நான்கு யூனிட் மின்சாரம் வேண்டும். இந்த மாநிலத்தின் மின்சாரத்தில் பெரும்பகுதி நிலக்கரியில் வருகிறது. அந்த நிலக்கரிச் சாம்பல் இதே கொசஸ்தலையாற்றுக் கழிமுகத்தில் படிந்திருப்பதை எண்ணூருக்குப் போனால் கண்ணால் பார்க்கலாம். பாலத்தின் மீது நின்று பார்த்தால் சேறு சாம்பல் நிறத்தில் இருக்கும்.

அந்தச் சேற்றில்தான் இருளர் பெண்கள் இடுப்பளவு நீரில் இறங்கி, கையால் தடவித் தடவி இறால் பிடிப்பார்கள். பனையோலைப் பையைப் பல்லில் கவ்விக்கொள்வார்கள், இரண்டு கையும் வேலை செய்ய. படகு கிடையாது, வலை கிடையாது. அதனால் மீனவர் கணக்கெடுப்பிலும் நிவாரணப் பட்டியலிலும் அவர்கள் எளிதில் விட்டுப்போவார்கள். சூழல் பாதிப்பு மதிப்பீடு செய்பவர்கள் 'மீன்பிடித் தொழில்' என்று எழுதும்போது மனதில் படகைத்தான் நினைக்கிறார்கள். உப்பின் அளவும் நீரின் வெப்பமும் சற்று மாறினாலும் முதலில் உணர்வது படகில் நிற்கும் காலல்ல, சேற்றுக்குள் நுழையும் விரல். அத்திப்பட்டுப் பக்கம் ஒரு பாட்டி என்னிடம், "முன்னெல்லாம் சேறு சில்லுனு இருக்கும்" என்றார். இதை எந்த அலகில் எழுதுவது?

தெற்கே நெம்மேலியில் 2013-இல் இரண்டாவது ஆலை வந்தது. இம்முறை தனியார் முதலீடு அல்ல, மத்திய அரசின் நிதி. பக்கத்துக் குப்பங்களின் மீனவர்கள், ஆலையின் கட்டுமானத்துக்குப் பிறகு கரை அரித்துவிட்டதென்று போராடினார்கள். கரை போனால் படகு நிறுத்த இடமில்லை என்பது செய்தியில் வந்தது. மணல் போனால் கருவாடு காயவைக்க இடமில்லை என்பதை நான் செய்திகளில் பார்க்கவில்லை; கருவாடு பெண்களின் தொழில். 2024-இல் அதே இடத்தில் 15 கோடி லிட்டர் ஆலை ஜெர்மன் வங்கியின் கடனுதவியோடு திறக்கப்பட்டது. பேரூரில் 40 கோடி லிட்டர் ஆலைக்கு ஜப்பானின் ஜைக்கா கடனோடு, 4,276 கோடி ரூபாய் மதிப்பில், 2023-இல் அடிக்கல் நாட்டினார்கள். நடுவில் 2019-இல் நான்கு ஏரிகளும் காய்ந்து, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் ஒரு தடவைக்கு 25 லட்சம் லிட்டர் தண்ணீர் வந்ததை எல்லோரும் பார்த்திருக்கிறோம். அந்த நினைவு இருக்கிறவரை எந்தக் கடனையும் யாரும் கேள்வி கேட்கப் போவதில்லை.

நம்பிக்கை தருகிற ஒன்றையும் சொல்ல வேண்டும். மணலி ஆலைகள் 1990-களிலேயே நகரத்தின் சாக்கடை நீரை வாங்கிச் சுத்திகரித்துப் பயன்படுத்தத் தொடங்கின. 2019-இல் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் தலா 4.5 கோடி லிட்டர் கழிவுநீரைத் தொழிற்சாலைகளுக்காகத் தூய்மைப்படுத்தும் நிலையங்கள் வந்தன. ஆலைக்கு நன்னீர் ஏன் போக வேண்டும் என்ற கேள்வியை 1969-லேயே கேட்டிருந்தால் மீஞ்சூர்க் கிணறுகள் இன்னும் கொஞ்ச காலம் தாங்கியிருக்கும்.

*

ஆயா 1998-இல் இறந்துபோனாள். அந்த வீட்டில் இப்போது மாமா மகனும் அவன் மனைவியும் இருக்கிறார்கள். போன கார்த்திகையில் போயிருந்தேன். நல்ல மழை. கிணறு மேல்வரை நிரம்பியிருந்தது. தொட்டால் கைக்கு எட்டும். ஒரு சொம்பு எடுத்துக் குடித்தேன். எனக்கு உப்புத் தெரியவில்லை. "நல்லாத்தானே இருக்குது?" என்றேன். சொல்லி முடித்ததும் தாத்தா நினைவு வந்து வெட்கமாகிவிட்டது.

அண்ணி சிரித்தாள். "மழைக்கு மேல் தண்ணி அப்பிடித்தான் இருக்கும், அண்ணி. தை பொறந்ததும் வந்து பாருங்க." உள்ளே போய் குக்கரைத் திறந்து, ஒரு பருப்பை எடுத்து விரலால் நசுக்கிப் பார்த்தாள். அது பஞ்சாயத்துக் குழாயில் பிடித்த தண்ணீர். கிணற்றுத் தண்ணீரில் கொஞ்சம் பருப்பைத் தனியாக ஒரு டம்ளரில் போட்டு அதே குக்கருக்குள் வைத்திருந்தாள். ஒவ்வொரு மாதமும் ஒருமுறை இப்படி வைத்துப் பார்ப்பாளாம். டம்ளரிலிருந்த பருப்பையும் நசுக்கினாள். பாதி மசிந்தது, பாதி விரலிலேயே நின்றது.

"ஆறு விசில்," என்றாள். "போன வருஷம் இதே மாசம் ஏழு."